இரண்டு முகப்புப் படங்கள்

1697ல் பாரிஸில் வெளிவந்த ஷார்ல் பெரோவின் கதைத் தொகுப்பில் ஒரு முகப்புப் படம் உண்டு. கணப்பருகே ஒரு கிழவி நூல் நூற்றபடி கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரோவோ ஃப்ரெஞ்ச் அகாதெமியின் அங்கத்தினர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சமர்ப்பணத்தில் கையெழுத்திட்டிருப்பது அவரல்ல, அவர் மகன். கிழவி சொன்னாள், பையன் எழுதினான் என்று ஒரு ஏற்பாடு. 1819ல் வந்த க்ரிம் சகோதரர்களின் இரண்டாம் பதிப்பிலும் ஒரு கிழவியின் படம் இருக்கிறது. இவள் கற்பனையல்ல. டொரோத்தேயா ஃபீமான், காஸல் நகருக்குக் காய்கறி கொண்டுவந்து விற்ற, ஒரு தையல்காரரின் மனைவி.

க்ரிம்கள் இவளைக் குடியானவப் பெண் என்றே அறிமுகப்படுத்தினார்கள். சொன்னதைத் திரும்பக் கேட்டால் வார்த்தை பிசகாமல் சொல்வாளாம். ஆனால் அவள் பிறந்த குடும்பத்தின் பெயர் பியெர்ஸோன். 1685ல் பதினான்காம் லூயி நாந்த் சாசனத்தை ரத்து செய்தபோது ஃப்ரான்ஸை விட்டு ஓடிய புராட்டஸ்டண்டுகளை, ஹ்யூகெனாட்டுகளை, ஹெஸ்-காஸலின் அதிபதி கார்ல் தன் நாட்டுக்கு அழைத்துக் குடியேற்றினார். அப்படி வந்தவர்களின் வழியில் பிறந்தவள் இவள். தகப்பனார் நெடுஞ்சாலையோரம் விடுதி நடத்தியவர். வண்டிக்காரர்களும் சிப்பாய்களும் வந்து தங்கிப் போகும் இடத்தில் கதைக்கு எந்த ஊர்ச் சீட்டு ஒட்டுவது?

முதல் தொகுதியின் (1812) விஷயம் இன்னும் ருசிகரமானது. அதன் கதைகள் பலவற்றைத் தந்தது ஹாஸன்ஃப்ளூக் வீட்டுப் பெண்கள். தாய்வழியில் ஹ்யூகெனாட் குடும்பம். படித்த, வசதியான வீடு. கையெழுத்துக் குறிப்புகளில் வரும் 'மரீ'யை, அண்டை வீட்டு வயதான வேலைக்காரி என்று வில்ஹெல்மின் மகன் ஹெர்மன் க்ரிம் 1895ல் எழுதி வைத்தார். எண்பது வருஷம் எல்லோரும் நம்பினார்கள். அவள் 1788ல் பிறந்த மரீ ஹாஸன்ஃப்ளூக், கதை சொன்னபோது இருபதை ஒட்டிய வயது என்று ஹைன்ஸ் ரோலக்கெ 1975ல் நிரூபித்தார். நாட்டார் இலக்கியம் என்றதுமே நமக்கு ஒரு கிழவி தேவைப்படுகிறாள். இளம்பெண், அதுவும் ஃப்ரெஞ்சுப் புஸ்தகங்கள் உள்ள வீட்டுப் பெண் என்றால் சங்கடம்.

அந்த வருஷங்களில் காஸலை ஆண்டது நெப்போலியனின் தம்பி ஜெரோம். யாக்கோப் க்ரிம் 1808லிருந்து அவருடைய அரண்மனை நூலகர். ஃப்ரெஞ்சு ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஃப்ரெஞ்சு வம்சத்துப் பெண்களிடம் கேட்டு, ஜெர்மன் ஆன்மாவைத் தேடியிருக்கிறார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்நிய ஆட்சி இல்லாதிருந்தால் அந்தத் தேடல் அத்தனை தீவிரப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

சகோதரர்களுக்கே உறுத்தல் இருந்தது. 1819ல் பூட்ஸ் அணிந்த பூனையையும் நீலதாடிக்காரனையும் பெரோவின் சரக்கு என்று நீக்கினார்கள். ஆனால் சிவப்புத் தொப்பிச் சிறுமி தங்கிவிட்டாள். அதே ஹாஸன்ஃப்ளூக் வீட்டிலிருந்து வந்தவள்தான், பெரோவிலும் இருப்பவள்தான். பெரோவிடம் ஓநாய் அவளைத் தின்றதோடு சரி. க்ரிம்களிடம் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்கிறான். வேறுபாடு இருந்ததால் குடியுரிமை கிடைத்தது போலும்.

நீவர்னே பகுதியில் 1885 வாக்கில் அஷீல் மில்லியன் சேகரித்த வாய்மொழி வடிவம் ஒன்று உண்டு. போல் தெலார்யூ 1950களில் அதைப் பிரசுரித்தார். அதில் சிவப்புத் தொப்பியும் இல்லை, வேட்டைக்காரனும் இல்லை. வெளிக்குப் போகவேண்டும் என்கிறாள் சிறுமி. ஓநாய் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிப்போகிறாள். தொப்பியின் சிவப்பை வைத்து எரிக் ஃப்ராம் கட்டிய உளவியல் விளக்கத்தை ராபர்ட் டார்ன்டன் 1984ல் கிண்டல் செய்தது இதை வைத்துத்தான். கிண்டல் நியாயமானதே. என்றாலும், பெரோவுக்கு இரு நூற்றாண்டு பிந்திப் பதிவான ஒன்றைப் பெரோவுக்கு முந்திய குடியானவன் குரலாக டார்ன்டன் எடுத்துக்கொள்வதும் க்ரிம்களின் காரியம் போன்றதுதான்.

குடும்பத்தின் வேரைத் தேடுகிறவனுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. பியெர்ஸோன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டிப் போகலாம். கதைக்குப் பதிவேடு கிடையாது. நீக்கப்பட்ட அந்தப் பூனையை ஃப்ரெஞ்சு என்று முடித்துவிட முடியவில்லை. 1550களில் வெனிஸில் ஸ்ட்ராபரோலாவிடம் இருக்கிறது, 1630களில் நேப்பிள்ஸில் பஸீலேயிடம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அது பெட்டைப் பூனை. காலில் ஒன்றும் கிடையாது. பூட்ஸ் மாட்டிவிட்டது பெரோ.