கறுப்புக் கோடு

பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் ஒரு மயில் நிற்கிறது. கறுப்பு மணிலா அட்டையில் வெட்டிய சட்டம், அதன் பின்னால் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள். அவ்வளவுதான். காலை வெயில் ஏறினால் மயில் தரையில் இறங்கிவிடும்.

எதிர்வீட்டுச் சிறுமி தனக்கும் ஒன்று செய்யவேண்டும் என்று வந்தாள். அவளிடம் முதலில் கறுப்பு அட்டையைத்தான் கொடுத்தேன்.

"கலர் எப்ப ஒட்டுறது பாட்டி?"

"கோடு நிக்கட்டும்மா, அப்புறம்."

பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். நீலம் பக்கத்துச் சிவப்பை விழுங்கிவிடும். நடுவே கறுப்பு இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும். தேவாலய ஜன்னல்களில் அந்தக் கறுப்பு, ஈயம். அழகுக்காக வைத்ததல்ல. சிறுசிறு வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இருபுறமும் பள்ளமுள்ள ஈயப்பட்டையில் செருகி, சந்திகளில் பற்றவைத்தார்கள். ஈயத்தை எடுத்தால் புனிதரும் இல்லை, ஜன்னலும் இல்லை.

ஜார்ஜ்டவுன் லெய்த் தெருவில் சியோங் பாட் சேயின் நீல மாளிகையில் அப்படிப்பட்ட வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கலாம். பெரும் வணிகர், அவரால் முடிந்தது. முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பெல்ஃபாஸ்ட் நகரத்து மெக்கா, ஸ்டீவன்சன் அண்ட் ஓர் என்ற அச்சகம் 'கிளேசியர்' என்ற பெயரில் ஜன்னல் தாள்களை விற்றது. ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் பல வண்ண அச்சு. வாங்கிப் போய்ச் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டி, வார்னிஷ் பூசினால் தேவாலய ஜன்னல் தயார். ஈயக்கோடும் அச்சில் வந்ததுதான். அந்த உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அங்கே கோடு எதையும் தாங்கவில்லை.

தாங்குகிற கோட்டை நான் சிறுவயதிலேயே கண்டுவிட்டேன். சீனர்களின் எட்டாம் மாதப் பௌர்ணமிக்குப் பினாங்கில் தங்லோங் விளக்குகள் விற்பார்கள்: மீன், முயல், வண்ணத்துப்பூச்சி. வளைத்த கம்பிமேல் கண்ணாடித்தாள், உள்ளே மெழுகுவத்தி. சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பெர்கர் 1908இல் மரக்கூழிலிருந்து உண்டாக்கிய செலோபேன் என்னும் அந்தக் கண்ணாடித்தாள், எங்கள் கைக்கு மீனின் செதிலாக வந்து சேர்ந்தது. ஒரு வருஷம் மெழுகுவத்தி சாய்ந்து என் மீன் எரிந்துவிட்டது. கம்பி மட்டும் மிஞ்சியது. அழுது முடித்து, பலகாரக் கூடையில் சுற்றிவந்த சிவப்புத்தாளை அதன்மேல் ஒட்டினேன். மீன் திரும்ப எழுந்தது. தேவாலயத்து ஈயம் செய்யும் வேலையை அந்த மலிவான கம்பி செய்தது. விலையுயர்ந்த ஜன்னலுக்கு உண்மையான உறவு பெல்ஃபாஸ்ட் தாளல்ல, கடைவாசல் ஐந்தடிப் பாதையில் தொங்கிய அந்தத் தங்லோங்தான் என்று இன்றும் சொல்வேன்.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. பிறகு நானும் அங்கே ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிப்பில் இணைத்தேன். ஒரு கம்பி விட்டால் சிப் செத்தது. கோட்டைப் பார்க்கும் கண் அங்கேதான் கூர்மையானது.

சிறுமி வெட்டிய கிளிக்கு வால் அறுந்து கையோடு வந்துவிட்டது. கழுத்தருகே கறுப்பை நூலாக மெலித்திருந்தாள், அதுவும் இனி தாங்காது. புது அட்டை கொடுத்தேன். இந்தமுறை கோட்டுக்கு அரை விரல் அகலம் விட்டு வரைந்துகொண்டிருக்கிறாள்.