பூதம் வரம் தருமா?

‘பூத்தது பூதம்’ என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்படியானால் காய்த்தது காய்தமா, பழுத்தது பழுதமா? பூ என்னும் வேரிலிருந்து பூத்த, பூப்பு, பூவை எல்லாம் வரட்டும். இரட்டித்த தகரம் எங்கே கரைந்துபோய்ப் பூதம் ஆனது என்று யாராவது காட்டட்டும், பிறகு பேசுவோம்.

மட்டக்களப்பின் கிரானில் ஒரு செத்தவீட்டு இரவில் இந்தப் பேச்சு கிளம்பியது. பந்தலின் ஓரத்தில் கடதாசி விளையாடி அலுத்த இளந்தாரிகள் கைபேசியில் ஒரு ‘பூதப்படம்’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘விஷ்மாஸ்டர்’ இரண்டாம் பாகம். பக்கத்தில் இருந்த தமிழறிஞர் ஒருவர் அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பூதத்துக்குப் பூவைச் சூட்டினார். போதாததற்கு ஆங்கிலேயன் சொல்லும் ஜீனியும் அரபியின் ஜின்னும் ஒரே சொல் என்றும் முடித்துவைத்தார். இரண்டும் பிழை.

பூதம் வடசொல், பூ என்னும் வடமொழி வினையடியிலிருந்து வந்தது. ஆதல், உண்டாதல் என்பது அதன் பொருள். ஆனது, உண்டானது எதுவோ அது பூதம். பாளியிலும் அதுவே, சிங்களத்தார் பூதயா என்கிறார்கள், துளுநாட்டார் பூத கோலம் ஆடுகிறார்கள். தொல்காப்பியர் மரபியலில் நிலம் முதல் விசும்புவரை ஐந்தையும் எண்ணிவிட்டுப் பூதம் என்ற பெயரைச் சொல்லாமலே போகிறார். புறநானூற்று இரண்டாம் பாட்டு ஐம்பெரும்பூதம் என்றே சொல்கிறது. குறள் 271 வஞ்ச மனத்தானைப் பார்த்து ஐந்து பூதங்களையும் உள்ளே சிரிக்க வைக்கிறது. ஆக, இங்கே பேய்க்கு இடமே இல்லை.

பேய்க்கணக்கில் சேராத பூதம் இன்னொன்றும் உண்டு. கொல்லிப்பாவையை ஆக்கியது யார்? நற்றிணை 185 தெய்வம் என்கிறது. அதே நற்றிணையின் 192 பூதம் என்கிறது. இரண்டு பாட்டுக்கும் நடுவே ஆறே பாட்டு. ஒரு மலை, ஒரு பாவை; அதைச் செய்த கை மட்டும் ஒரு பாட்டில் தெய்வத்தின் கை, மற்றதில் பூதத்தின் கை. சங்கப் புலவனுக்குப் பூதம் என்பது தெய்வத்துக்கு மறுபெயர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பூதப்பாண்டியன் என்று அரசனுக்கும், பூதனார் என்று புலவர்க்கும், பூதத்தார் என்று ஆழ்வாருக்கும் பெயரிட்டவர்கள் அஞ்சியா இட்டார்கள்?

அடுத்தது சிலம்பு. கோராவெளிக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் சடங்கு வைக்கிற பகுதி எங்களுடையது. சிலம்பை விட்டுவிட்டுப் பூதத்தைச் சினிமாவில் தேடுவது எங்களுக்கு அழகல்ல. புகாரின் சதுக்கப் பூதம் யாரை உண்ணும் என்று இந்திரவிழவூரெடுத்த காதை ஆறு பேரைக் கணக்கிடுகிறது: பொய்த்தவ வேடத்தார், மறைந்து ஒழுகும் பெண்டிர், அரசனை அறுக்கும் அமைச்சர், பிறன்மனை நயப்போர், பொய்ச்சாட்சி, புறங்கூறி. அடைக்கலக் காதையில் அது தொழில் செய்வதை நேரே காண்கிறோம். கற்புடைய ஒருத்திமேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பாசத்தில் மாட்டிவிட்டது. அவன் தாய் அலறுகிறாள். கோவலன் ஓடிப்போய்ப் பாசத்துக்குள் தானே புகுந்து, இவன் உயிரை விட்டு என் உயிரைக் கொள் என்கிறான். பூதம் மறுக்கிறது. தீயவன் உயிருக்கு நல்லவன் உயிரை மாற்றுவது முறையல்ல என்று சொல்லிவிட்டு, கோவலன் கண்முன்னாலேயே மற்றவனை உண்கிறது.

கேட்டதை மறுத்த பூதம்! தமிழின் முதற்பெரும் பூதக்கதையில் வரம் கேட்கப்படுகிறது, வரம் இல்லை என்று பதில் வருகிறது. மணிமேகலையில் இறந்த மகன் சார்ங்கலனுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்த கோதமைக்குச் சம்பாபதி சொன்னதும் இல்லை என்பதுதான். இளஞ்சேரல் இரும்பொறை சதுக்கப் பூதரை வஞ்சிக்குக் கொண்டுவந்தான் என்று பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகம் சொல்கிறது. விளக்கைத் தேய்த்து மாளிகை கேட்கவா கொண்டுவந்தான்?

பின் வேலைக்காரப் பூதம் எப்போது வந்தது? ஆயிரத்தொரு இரவுகளோடு வந்தது. அந்துவான் கலான் 1704 முதல் அவற்றைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அலாவுதீன் கதை அரபு மூலச்சுவடியில் அவருக்குக் கிடைக்கவில்லை; அலெப்போவிலிருந்து பாரிசுக்கு வந்த ஹன்னா தியாப் 1709-ல் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதினார். அரபு ஜின்னுக்கு அவர் இட்ட பிரெஞ்சுச் சொல் ஜெனி, ஆங்கில ஜீனிக்கு மூலம். அது இலத்தீன் ஜெனியஸ். பிறப்பித்தல் என்னும் வேரில் வந்தது, ஒருவனுடன் பிறந்து அவனைக் காக்கும் தெய்வம். அரபு வேரோ மறைத்தல். கண்ணுக்கு மறைந்தது ஜின். வயிற்றில் மறைந்த கரு ஜனீன். மரத்தால் மறைந்த சோலை ஜன்னத். அறிவு மறைந்தவன் மஜ்னூன். ஒலி ஒத்ததால் கலான் இணைத்தார், வேர் ஒத்ததால் அல்ல. செத்தவீட்டு அறிஞருக்கு இதற்குமேல் பதில் இல்லை.

தமிழாக்கியோர் ஜின்னுக்குப் பூதத்தை ஏன் பிடித்தார்கள்? ஏவல் செய்யும் ஆவிக்குத் தமிழில் பஞ்சமா? குறளி இருந்தது. குட்டிச்சாத்தான் இருந்தது. பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று பேர் வாங்கிய மட்டக்களப்பில் ஆவியை வசப்படுத்தி வைப்பதற்கு வாலாயம் பண்ணுதல் என்று தனிச்சொல்லே உண்டு. ஆனால் குறளியும் குட்டியும் பெயரிலேயே சிறியவை. விளக்கிலிருந்து வந்தவனோ கூரையை முட்டினான். பருமனுக்குத் தமிழில் பூதம்தான் அளவுகோல்: பூதாகாரம் என்கிறோம், எறும்பை ஆனையாக்கும் கண்ணாடியைப் பூதக்கண்ணாடி என்கிறோம். அந்தக் கண்ணாடி யாருக்கும் வரம் கொடுக்கவில்லை. பருத்த உடம்பைப் பார்த்துத்தான் பூதத்துக்கு இந்த வேலை கொடுக்கப்பட்டது என்பதே என் துணிபு. 1957-ல் அலாவுதீன் படத்துக்கு எஸ்.வி. ரங்காராவின் ஆகிருதி தேவைப்பட்டதும், 1967-ல் ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமன் மொட்டைத்தலையோடு வந்து ஜெய்சங்கருக்கு ஊழியம் செய்ததும் இதை ஒட்டித்தான். பின்னது ஆன்ஸ்டி 1900-ல் எழுதிய பித்தளைக் குப்பி நாவலின் வழி வந்த கதை.

இப்போது அந்த ‘விஷ்மாஸ்டர்’ படம். 1997-ல் வந்த முதற்பாகத்தில் கொஞ்சம் சரக்கு இருந்தது. 1999-ல் ஜாக் ஷோல்டர் எடுத்த இரண்டாம் பாகம் அமெரிக்காவில் நேரே வீடியோக் கடைக்குப் போனது. போகவேண்டிய இடம் அதுதான். ஆண்ட்ரூ டிவோஃப் ஜின்னாகி, ஆயிரத்தொரு உயிர் சேர்க்கச் சிறைக்குள் போய் உட்காருகிறார். இந்தக் கம்பிகளுக்குள்ளால் நடந்துபோக வேண்டும் என்று ஒரு கைதி வாய்தவறிச் சொல்ல, ஜின் அவனைக் கம்பிகளுக்குள்ளாலேயே நசுக்கி இழுக்கிறது. முதல் தடவை திடுக்கிடலாம். பிறகு ஒவ்வொருவனும் சொல்லைக் கொட்டுவதும் ஜின் அதை நேர்ப்பொருளில் கொள்வதுமாக ஒரே பாட்டு. நாப்பிறழ்ந்து நித்திரை கேட்ட கும்பகர்ணன் கதையில் இந்த வித்தையை நம் கிழவிகள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். அங்கே கேட்டவன் பெரியவன், தவம் பெரிது, விழுந்த பள்ளமும் பெரிது. இங்கே ஏமாறுபவன் யாரென்று தெரியுமுன் செத்துவிடுகிறான்.

மேலும், டிவோஃபின் ஜின் பாதிப்படத்தில் சட்டை போட்ட சாதாரண ஆள். பருமனும் இல்லை, நீதியும் இல்லை. பூதம் என்று சொல்ல எந்த உரிமையும் அதற்கில்லை. எங்கள் சடங்குகளில் காளி, பேச்சி, வைரவர் உருவேறி ஆடப் பார்த்திருக்கிறேன். கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுக்கும் பூதம் உருவேறி நான் கண்டதில்லை. சரியான சொல் வேண்டுமென்றால் தொலைவுக்குப் போகவேண்டாம். பக்கத்து ஓட்டமாவடியில் முஸ்லிம்கள் ஜின் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

ஒலி ஒத்ததால் வந்த இன்னொரு மயக்கமான குட்டிச்சாத்தானையும் சொல்லிவிடுகிறேன். வேதாகமத்துச் சாத்தானின் குட்டி அது என்று ஒரு கூட்டம் நம்புகிறது. 1984-ல் மலையாளத்தார் அதை முப்பரிமாணத்தில் எடுத்த பிறகு நம்பிக்கை இன்னும் முற்றியது. சீத்தலைச் சாத்தனாரின் பெயரில் உள்ள சாத்தன் யார் என்று அவர்கள் கேட்கட்டும். ஐயனார் சாத்தன்தான் குட்டிச்சாத்தானின் மூதாதை. எபிரேயச் சாத்தான் கடல் கடந்து வந்து இறங்குமுன்பே எங்கள் சாத்தன் ஊர் எல்லையில் குதிரைமேல் இருந்துவிட்டான்.