சவர் இல்லாத மலையில் சவர்க்காரம்

பதுளைக் கடைகளில் எழுத்தில் சவர்க்காரம். தோட்டத்து லயங்களில், பீலிக்கரையில், அது சவுக்காரம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைச் சோப்பு ஏறக்குறைய விழுங்கிவிட்டது. இலங்கையில் பாடப்புத்தகத்திலும் விளம்பரத்திலும் இன்னும் திடமாக இருக்கிறது.

சொல்லைப் பிரித்தால் சவர், காரம். சவர் என்றால் உவர்ப்பு. உப்புக்கரிக்கும் கிணற்று நீரை யாழ்ப்பாணத்தார் இன்றும் சவர்த்தண்ணி என்பார்கள். காரம், வடமொழி க்ஷாரத்தின் தமிழ் வடிவம். மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம். வடமொழி ஸர்ஜிகாக்ஷாரம் இந்தியில் சஜ்ஜிக்கார் ஆனதைக் காட்டி, சவர்க்காரமும் அந்த வழியில் வந்ததே என்று வாதாடலாம். எனக்கு மனம் சவரின் பக்கமே சாய்கிறது. எந்த வழியில் போனாலும் அழுக்கு நீக்கும் கார உப்பில்தான் போய் நிற்போம். களர்நிலத்தில் கிணறு தோண்டித் துணி வெளுத்த பெண்ணை ஔவையார் புறநானூற்று 311ஆம் பாட்டில் காட்டுகிறார். கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சிய கட்டி நம் பக்கம் வருமுன் அந்த வேலையை மண்ணே செய்திருக்கிறது.

மற்றவர்கள் வேறு வேறு முனையைப் பிடித்தார்கள். நம் பூந்திக்கொட்டை சிங்களத்தில் பெனெல. நுரையுள்ளது என்னும் பொருளுடைய வடமொழிப் பேனிலத்தின் வழி வந்த பெயர் அது. அதே மரவகைக்கு லின்னேயஸ் இட்ட பெயர் சபிண்டஸ், அதாவது இந்தியச் சவர்க்காரம். அதிலுள்ள லத்தீன் 'சாப்போ', கொழுப்பும் சாம்பலும் சேர்த்துக் கோல் நாட்டார் செய்த தலைச்சாயத்துக்கு முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிய பெயர். போர்த்துக்கீசர் அந்தச் சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். சிங்களத்துக்குச் சபன் கிடைத்தது.

ஆனால் ஊவா மலையில் சவர் ஏது? தேயிலை அமில மண்ணில்தான் செழிக்கும், pH 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண் அதற்கு உகந்தது. கங்காணிகளின் பின்னால் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து வந்தவர்களின் வாயோடு சொல் மலையேறியது. உவர்மண் ஊரிலேயே தங்கிவிட்டது.

இந்தப் பெயருக்கு உண்மையான சோதனை நுண்ணங்கிகளிடமிருந்து வருகிறது. சில பற்றீரியாக்களும் மதுவங்களும் தாமே சவர்க்காரம் போன்ற பொருளைச் சுரக்கின்றன. எண்ணெயைத் தின்ன வேண்டுமானால் முதலில் அதைக் கரைத்துப் பிரிக்க வேண்டுமே! அதனால் இவற்றைத் தேடுபவர்கள் எண்ணெய் சிந்திய மண்ணை விரும்புவார்கள்: கராஜ் வாசல், தேயிலை ஃபெக்டரியின் பழைய எஞ்சினடி. நுண்ணங்கியை வளர்த்த நீரில் ஒரு துளியை எண்ணெய் பூசிய பரப்பில் விடுவார்கள். வெறும் நீர் முத்தாக நிற்கும். சரக்கு இருந்தால் துளி சரிந்து பரவும். அந்த நீரையும் மண்ணெண்ணெயையும் சம அளவில் குலுக்கி, 24 மணி நேரம் கழித்துப் பால்போன்ற படலம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பார்கள். இரத்தம் கலந்த அகார்த் தட்டில் தெளிவட்டம் பார்ப்பதும் உண்டு; இரத்த அணுவை உடைக்கும் வேறு பொருள்களும் இருப்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

நுண்ணங்கிகள் சுரக்கும் இந்தப் பொருள்களில் பெயர்பெற்றது சர்ஃபக்டின். 1968இல் ஜப்பானில் அரிமா குழுவினர் பசிலஸ் சப்டிலிஸிலிருந்து பிரித்தார்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசையை மீற்றருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 27 வரை இறக்கிவிடும். மண்ணையும் நுரையையும் விட்டு, பரப்பில் செய்யும் வேலையால் வந்த பெயர் அது. ஏழு அமினோ அமிலங்கள் ஒரு கொழுப்பமிலத்தோடு வளையமாகக் கட்டிய மூலக்கூறு; சவரும் இல்லை, காரமும் இல்லை. வளர்ப்பு நீரின் pH அளவை 2க்கு இறக்கினால் வீழ்படிவாகிவிடும். பிரித்தெடுக்க அமிலம்தான் கருவி.

அப்படியென்றால் 'நுண்ணங்கிச் சவர்க்காரம்' என்பது தவறு என வேதியியலார் சொல்லக்கூடும். அவர்கள் வீட்டுப் பெயர்களைப் பாருங்கள். ரம்னோலிப்பிட்டை ஒரு பற்றீரியா சுரக்கிறது. பெயரிலோ ராம்னஸ் என்ற முட்செடி. சோஃபொரோலிப்பிட்டை மதுவம் சுரக்கிறது. பெயரிலோ சோஃபொரா மரம். அந்தச் சர்க்கரைகளை முதலில் கண்ட செடிகளின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இவையெல்லாம் செல்லுமானால் சவர்க்காரமும் செல்லும். 'மேற்பரப்பு இழுவிசைக் குறைப்பி' என்று ஒரு முழம் நீளத்துக்குப் பெயர் கட்டியிருக்கிறார்கள். பரீட்சைத்தாளில் எழுதலாம், பீலிக்கரையில் யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள்.