கை வீசி ஆடும் வீடியோ கேமும் கொல்கத்தா கேரம் போர்டும்

டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் முதலில் மொத்தக் குடும்பத்துக்குமான சாமானாகத்தான் இருந்தது. 1980-களில் வந்த நின்டெண்டோ பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரில் ஒரு சிலுவைக் கட்டை, நாலு பட்டன். அவ்வளவுதான். மாரியோவைக் குதிக்க வைக்க அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கியை டிவி பக்கம் நீட்டி வாத்து சுடும் ஆட்டத்தில் தாத்தா கூடப் புகுந்துவிடலாம்.

அப்புறம் படம் அழகாக ஆக ஆக பட்டன்களும் பெருகின. 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரில் இரண்டு குச்சி, பத்துக்கும் மேலே பட்டன். அம்மா ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்து, "உங்களுக்குத்தான் இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டி பையனின் சொத்தானது. அவன் ஆடினால் மற்றவர்களுக்கு சீரியல் போச்சு. ஏமாந்த குடும்பம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த ஏமாற்றத்துக்குக் கணக்கும் இருக்கிறது. நின்டெண்டோவின் முதல் பெட்டி உலகம் முழுக்க 6.19 கோடி விற்றது. அடுத்தது 4.91 கோடி, அதற்கடுத்தது 3.29, பிறகு 2.17. மாடிப்படி இறங்குகிற மாதிரி. 2002-ல் தலைவரான சடோரு இவாட்டா, ஆடுகிறவர்களுக்கு இன்னும் நல்ல படம் காட்டுவதை விட்டுவிட்டு, ஆடாமல் போனவர்களைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தார். 2006-ல் 'வீ' வந்தது. டிவி ரிமோட் மாதிரி ஒரு கட்டை. வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். டென்னிஸ் எப்படி ஆடுவார்கள் என்று பார்த்திருந்தால் போதும். விற்பனை 10 கோடியைத் தாண்டியது. வீசிய வேகத்தில் கை வார் அறுந்து ரிமோட் டிவியில் போய் மோத, அந்த டிசம்பரிலேயே 32 லட்சம் வார்களை மாற்றித் தர வேண்டி வந்தது என்பது தனிக்கதை :-)

2010-ல் சோனி 'மூவ்' கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் கையில் எதுவுமே வேண்டாம் என்று 'கினெக்ட்' கேமராவை இறக்கியது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. இரண்டும் அந்த வருடமே இந்தியாவுக்கும் வந்தன. சோனி ஒரு படி மேலே போய், மும்பையின் ட்ரைன் கேம்ஸை வைத்து மூவுக்கென்றே 'மூவ் ஸ்ட்ரீட் கிரிக்கெட்' செய்தது. நம்ம குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

வேண்டியிருந்தது இடம். கினெக்ட் முன்னால் ஒருவர் ஆட ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு பேர் என்றால் எட்டடி. கொல்கத்தாவின் ஒரு சாதாரண ஃப்ளாட்டை நினைத்துப் பாருங்கள். ஹாலில் கட்டில், ஷோகேஸ், சாப்பாட்டு மேஜை. எட்டடி எங்கே? கேமராவுக்கு மட்டும் அப்போது சுமார் பத்தாயிரம் ரூபாய். பெட்டிக்குத் தனி விலை. தெருக் கிரிக்கெட்டுக்கோ இந்த ஊரில் பந்த் நாள் இருந்தது. பஸ் ஓடாத பெரிய ரோட்டின் நடுவே ஸ்டம்ப் நட்டு ஆடியவர்களுக்கு, டிவி முன்னால் காற்றில் மட்டை வீசுவது எம்மாத்திரம்?

இடமும் காசும் இருந்த நாடுகளிலும் கதை ரொம்ப நாள் ஓடவில்லை. முதல் வாரம் பாட்டி வரை பௌலிங் போட்டார்கள். ஆறு மாதத்தில் அந்த ஐந்து ஆட்டமும் அலுத்தன. அடுத்து வாங்க அதே தரத்தில் சிலதுதான் இருந்தன. 2012-ல் வந்த 'வீ யு' 1.36 கோடியில் படுத்தது. கினெக்ட் தயாரிப்பே 2017-ல் நின்றது. அதே 2017-ல் வந்த ஸ்விட்ச்சின் கட்டைகளிலும் அசைவை உணரும் வசதி உண்டு. ஒரு கட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் இரண்டு பேர் ஆடலாம் என்பதையும் காட்டினார்கள். அது 15 கோடியைத் தாண்டியது.

எனக்குப் படுவது இதுதான். கை அசைவு ஏமாந்த குடும்பத்தை ஒரு முறை வாசல் வரை கூட்டி வரும். உள்ளே உட்கார வைக்க அதனால் ஆகாது. இங்கே பாடா கிளப்களில் தொங்குகிற மஞ்சள் பல்பின் கீழ் இருக்கும் கேரம் போர்டைப் பாருங்கள். ஆடுவது நாலு பேர், சுற்றி நின்று யோசனை சொல்வது எட்டு பேர். தோற்றவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். அறுபது வயதுக்காரர் பதினாறு வயதுப் பையனைக் கிண்டல் செய்வார். வேடிக்கை பார்ப்பவருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. எந்தப் பெட்டி அந்த வேலையைக் கொடுக்கிறதோ, அதற்குத்தான் குடும்பம் திரும்பி வரும்.