பட்டினியா, மூச்சா?

புற்றுநோய்க் கட்டியைப் பட்டினி போட்டுக் கொல்வதா, அல்லது அதற்கு ஆக்சிஜன் கொடுத்துக் கொல்வதா? கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் ஐம்பது வருட மருத்துவ வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1955-ல் இங்கிலாந்தில் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். கதிர்வீச்சின் அளவை இன்று ‘கிரே’ என்ற அலகில் சொல்கிறோமே, அந்தக் கிரேதான். ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் செல்கள் செழிப்பாக இருந்தன. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தள்ளிப் போக வேண்டாம், அங்கே செத்த திசு. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் போகும். நடுவில், அரை மூச்சில் உயிரோடு கிடக்கும் செல்கள்தான் வில்லன்கள். கதிர்வீச்சு செய்யும் சேதம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும், அதனால் இவை தப்பிவிடும். கீமோவிலும் அதே கதை. ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. போனாலும், பல கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்லைத்தான் குறிவைக்கும். இவையோ மந்தமாகப் பெருகுபவை.

1971-ல் அமெரிக்காவில் ஜூடா ஃபோக்மன் எதிர்த்திசையில் யோசித்தார். கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வளர்க்கிறது. அதைத் தடுத்தால் பட்டினியில் சாகும். இந்த வழியில் வந்த பெவாசிசுமாப் மருந்துக்கு 2004-ல் அங்கே அனுமதி கிடைத்தது. முற்றிய குடல் புற்றுநோயில் கீமோ மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 15.6 மாதம்; இதையும் சேர்த்தபோது 20.3. ஆனால் தனியாகக் கொடுத்தால் பெரிய பலன் இல்லை.

இங்கேதான் இடிக்கிறது. சாப்பாட்டு வண்டியை மறித்தால் மருந்து வண்டியும் நிற்கணும்தானே? கீமோ எப்படிக் கூடுதலாக வேலை செய்தது?

இதற்கு ஒரு விடையை ராகேஷ் ஜெயின் 2001-லேயே முன்வைத்திருந்தார். கான்பூர் ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர். கட்டியின் குழாய்களை அவர் பார்த்ததில் ஒரு பொறியாளரின் கண் தெரிகிறது. அவசரமாக முளைத்த, கோணல்மாணலான, ஒழுகும் குழாய்கள். ஒழுகியது தேங்கி உள்ளே அழுத்தம் ஏறி மருந்தை நுழைய விடுவதில்லை. வளர்ச்சித் தூண்டலை அளவாகக் குறைத்தால் மிஞ்சும் குழாய்கள் சீராகும், ஆக்சிஜனும் மருந்தும் உள்ளே போகும் என்றார். பட்டினி போட வந்த மருந்து, கொஞ்ச காலம் மூச்சு கொடுக்கிறது!

எல்லோரும் இதை முழு விளக்கமாக ஏற்கவில்லை. அந்த ‘கொஞ்ச காலம்’ ஆளுக்கு ஆள் மாறுகிறது. அளவு மீறினால் குழாய்களே அழிந்து கட்டி மறுபடி திணறும், அரை மூச்சுச் செல்கள் மறுபடி தப்பும். அதிக மருந்து, அதிக பலன் என்ற நம் சாதாரணக் கணக்கு இங்கே செல்லாது.