ஹைட்ரா: செடியா, விலங்கா?

பள்ளி விலங்கியல் பாடத்தில் ஹைட்ராவுக்குக் கிடைப்பது ஒரு படமும் நாலு வரியும்தான். குழியுடலி, மொட்டு விடும், வெட்டினால் மீண்டும் வளரும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். சரி, இதை முதலில் வெட்டிப் பார்த்தவர் யார், எதற்காக வெட்டினார்?

ஜெனீவாவில் பிறந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே 1740-ல் ஹாலந்தில், ஹேக் நகருக்கு அருகே, பெண்டிங்க் பிரபுவின் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராக இருந்தார். ஆய்வுக்கூடம் எல்லாம் கிடையாது. கண்ணாடிச் சாடியில் எடுத்து வைத்த குளத்து நீரில், நீர்ச்செடிகளின் மேல் பச்சை நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். பச்சையாக இருந்ததால் செடி என்றே நினைத்தார். ஆனால் சாடியை அசைத்தால் அவை சட்டென்று சுருங்கின. சாடியைத் திருப்பி வைத்தால் சில நாட்களில் வெளிச்சம் உள்ள பக்கத்துக்கு நகர்ந்து சேர்ந்தன.

குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். செடியை வெட்டி நட்டால் இரண்டு துண்டும் பிழைக்கும், விலங்கு பிழைக்காது அல்லவா? 1740 நவம்பர் 25 அன்று ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். இரண்டும் பிழைத்தன! சில நாட்களில் வால் துண்டிலும் உணர்நீட்சிகள் முளைத்தன. அவர் போட்ட கணக்குப்படி அது செடி. ஆனால் அது நகர்கிறது. பிறகு, சிறு புழுக்களைப் பிடித்து விழுங்குவதையும் பார்த்தார். சோதனை சொன்ன விடையை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பாரிஸில் இருந்த புகழ்பெற்ற இயற்கையியலாளர் ரோமூருக்குச் சில ஹைட்ராக்களை அனுப்பினார். முதல் முறை புட்டியை மெழுகால் இறுக அடைத்ததில், போய்ச் சேர்வதற்குள் அத்தனையும் செத்துவிட்டன. 1741 மார்ச்சில் இரண்டாம் முறை உயிரோடு சேர்ந்தன. நண்டு இழந்த கால் மீண்டும் முளைப்பதை 1712-லேயே எழுதியவர் ரோமூர். அவராலேயே இதை எளிதில் நம்ப முடியவில்லை. தானே வெட்டிப் பார்த்த பிறகு, விலங்குதான் என்றார்.

பெரிய சர்ச்சை எழுந்தது. விலங்குக்கு ஆன்மா உண்டு என்றால், இரண்டாக வெட்டும்போது ஆன்மாவும் இரண்டாகிறதா? தத்துவவாதிகள் திணறினார்கள். டிரெம்ப்ளே அந்த விவாதத்தில் இறங்காமல் வெட்டுவதைத் தொடர்ந்தார். தலைப்பகுதியை நீளவாக்கில் பிளந்து பிளந்து ஏழு தலை ஹைட்ராவையே உருவாக்கினார். கிரேக்கக் கதையில் வெட்ட வெட்டத் தலை முளைக்கும் பாம்பின் பெயர்தான் ஹைட்ரா. 1758-ல் லின்னேயஸ் அதையே இந்தப் பேரினத்துக்கு வைத்தார்.