தாயைப் பற்றிய ஒரு திருத்தம்

பத்திரிகையில் ஒருவரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால் திருத்தம் வெளியிடுவது வழக்கம். தவறு முதற்பக்கத்தில் வந்திருக்கும். திருத்தமோ உட்பக்கத்தின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கும். பிரெஞ்சு நெறியாளர் பிரான்ஸுவா த்ரூஃபோ தனது தாயைப் பற்றி வெளியிட்ட திருத்தமும் ஏறக்குறைய அத்தகையதே. அதற்கு அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

1959 கான் விழாவில் சிறந்த நெறியாளர் விருதைப் பெற்றுக்கொடுத்த அவரது முதலாவது முழுநீளத் திரைப்படத்தைப் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது பார்த்தேன். ஆங்கிலத்தில் 'நானூறு அடிகள்' என்று பெயரிட்டிருந்தமையால் அடி வாங்கும் சிறுவனின் கதை என்றே எண்ணிப் போனேன். உண்மையில் அந்தப் பிரெஞ்சுத் தொடர், கட்டுக்கடங்காமல் குழப்படி செய்து திரிவதைக் குறிக்கும் மரபுத்தொடர்.

பதினான்கு வயது ழான்-பியேர் லெயோ நடித்த அன்ட்வான் துவானெல் வீட்டில் இடைஞ்சலாகவே கருதப்படுபவன். பாடசாலைக்குப் போகாமல் திரிந்த ஒருநாள், தாய் வேறொருவருடன் இருப்பதைத் தெருவில் காண்கிறான். மறுநாள், வராமைக்குக் காரணம் கேட்கும் ஆசிரியரிடம் அம்மா இறந்துவிட்டார் என்கிறான். படத்தில் அவன் சொல்லும் பொய்களுள் இதுவே எனக்கு மறக்க முடியாதது. ஒரு வகையில் அவனுக்கு அது பொய்யுமல்ல. பின்னர் தகப்பனின் அலுவலகத்தில் தட்டச்சுப்பொறியைத் திருடி, விற்க முடியாமல் திருப்பி வைக்கப் போகையில் பிடிபடுகிறான். தகப்பனே அவனைப் பொலிஸில் ஒப்படைக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1955இல், ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபல் வித்தவுட் எ கோஸ்' வெளிவந்திருந்தது. அதில் தகப்பன் இறுதியில் மகனின் பக்கம் நிற்பதாக வாக்களிக்கிறார். த்ரூஃபோவின் படத்தில் எவரும் திருந்துவதில்லை.

காரணம், அது பெருமளவுக்கு அவரது சொந்த வாழ்க்கை. 1932இல் திருமணமாகாத இளம் தாய்க்குப் பிறந்த அவருக்கு, அடுத்த ஆண்டு அவளை மணந்த ரோலன் த்ரூஃபோ தம் பெயரைக் கொடுத்தார். குழந்தையை வளர்த்தவர் பாட்டி; அவர் இறந்த பின்னரே பெற்றோரிடம் வந்து சேர்ந்தான். 1948 டிசெம்பரில், கடன்பட்டுத் திரைப்படக் கழகம் நடத்திய பதினாறு வயது மகனை ரோலன் பொலிஸில் ஒப்படைத்தார். சிறார் விடயத்தில் தண்டனையை விட வளர்ப்புக்கே முன்னுரிமை தரும் சட்டம் 1945 பெப்ரவரியிலேயே பிரான்ஸில் வந்துவிட்டது. ஆயினும் தகப்பனின் வேண்டுகோளின் பேரில் பிள்ளையைத் தடுத்துவைக்கும் பழைய வழக்கம் முற்றாக ஒழிந்திருக்கவில்லை. மீள்வதற்குத் துணைநின்றவர் விமர்சகர் அன்ட்ரே பஸான். படப்பிடிப்பு தொடங்கிய மறுநாள் அவர் காலமானார். படம் அவருக்கே சமர்ப்பணம்.

படம் வெளியானதும் பெற்றோர் புண்பட்டனர். இது தமது வாழ்க்கை வரலாறல்ல என்று த்ரூஃபோ பத்திரிகையில் எழுதினார். மலையேறுவதில் பித்தாயிருந்த ரோலனைக் கார்ப் பந்தயப் பிரியராக மாற்றியது போன்ற ஒப்பனைகள் எவரையும் ஏமாற்றவில்லை. நியாயமான கோபமே என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. பட்டம் பெற்ற வயதில் தோன்றவில்லை. 1930களின் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் திருமணமாகாமல் தாயான பெண் என்ன பட்டிருப்பாள் என்று அந்தப் படம் கேட்கவேயில்லை. பதினான்கு வயதுப் பையன் அதைக் கேட்கவும் மாட்டான்.

தாய் 1968இல் இறந்தார். அதே ஆண்டு, துப்பறிவாளர் ஒருவர் மூலம் தம்மைப் பெற்ற தகப்பன் ஒரு யூதப் பல்மருத்துவர் என்று த்ரூஃபோ அறிந்துகொண்டார்.

திருத்தம் வந்தது 1979இல், துவானெல் வரிசையின் ஐந்தாவதும் கடைசியுமான படத்தில். பழைய படங்களின் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த பலவீனமான படம் அது, நெறியாளருக்கே திருப்தியில்லை. ஆனால் அதில் ஒரு காட்சி உண்டு. அன்று தெருவில் கண்ட அதே மனிதர், இப்போது முதியவர், அன்ட்வானைத் தற்செயலாகச் சந்திக்கிறார். உன் தாய் உன்மேல் அன்பு வைத்திருந்தாள், அவளுக்குத் தெரிந்த விதத்தில், என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். பின்னர் அவளது கல்லறைக்குக் கூட்டிச்செல்கிறார். அதுவரை அது எங்கிருக்கிறது என்றே மகனுக்குத் தெரியாது.

படத்தில் அந்தக் கல்லறை மொன்மார்த்ர் மயானத்தில் இருக்கிறது. 1984 ஒக்டோபரில், தமது 52ஆவது வயதில் காலமான த்ரூஃபோவும் அந்த மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.